பாக்கியம் அக்கா வீட்டு ஹாலில் ஒரு லோரி

நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடையில் இப்போது இருக்கும் பிள்ளைகள் ஓர் இணையப் பக்கத்தைத் திறக்கிறார்கள். புராசசர், மதர்போர்டு, கிராபிக்ஸ் கார்டு என்று ஒவ்வொன்றாகத் தட்டுகிறார்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தினால் பச்சை டிக் விழுகிறது, பொருந்தாவிட்டால் சிவப்பு. ஓய்வு பெற்ற பிறகு நான் ஒருநாள் சும்மா கடைக்குப் போனபோது அதைக் காட்டி, "அங்கிள், இது வர்றதுக்கு முன்னாடி நீங்கள்லாம் எப்படித்தான் பார்ட்ஸ் எடுத்தீங்க?" என்று கேட்டார்கள்.

"பயந்து பயந்து" என்றேன்.

சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள். சரி, என் பயத்துக்கும் ஒரு பதிவு இருக்கட்டுமே என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பிறந்தது செடெனாக் பக்கம் ஓர் எஸ்டேட்டில். பள்ளி முடித்ததும் பாசிர் கூடாங்கில் எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரி. அங்கே நான் இருந்த உற்பத்தி லைனை மூடியதும் ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடை. பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் பெட்டிகளைப் பிரித்தேன், பிறகு பெட்டிகளை மடித்தேன், ஒருநாள் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தார்கள். சேமநிதிப் பணத்தை எடுக்கும் வயது வரைக்கும் அதைக் கீழே வைக்கவில்லை.

அதுதான் பிரச்சினையும். எனக்குப் பதற்றம் வந்தால் மூளை உடனே ராஜினாமா கடிதம் கொடுத்துவிடும். கை மட்டும் ஓவர்டைம் பார்க்கும். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை என்றால் என்ன ஏது என்று யோசிப்பதற்குள் பாதியைக் கழற்றிப் பரப்பியிருப்பேன். ஒருமுறை ஏர்கோன் ரிமோட்டைக்கூடக் கழற்றியிருக்கிறேன். அதற்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

என்னை இத்தனை வருடம் வேலையில் வைத்திருந்தவர் மேடம் கோ. கடை அவருடையது. என்னைவிட இளையவர். எந்த வெயிலிலும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர், கழுத்தில் தையல்காரர் மாதிரி அளவு டேப். குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. எங்களிடம் மலாயில்தான் பேசுவார். வார்த்தைகளுக்கும் வரி போட்டிருக்கிறார்களோ என்று தோன்றும், அவ்வளவு சிக்கனம்.

கேமிங் கம்ப்யூட்டர் வேண்டும் என்று யாராவது வந்தால் நாங்கள் எல்லோரும் பாய்ந்துபோய் புராசசர் பெயரைச் சொல்லுவோம். மேடத்தின் முதல் கேள்வி வேறு: "வீட்டில் என்ன திரை?"

அங்கிருந்துதான் தொடங்குவார். திரை எவ்வளவு காட்டுமோ அதற்குத் தகுந்த கிராபிக்ஸ் கார்டு. கார்டுக்கு ஈடுகொடுக்கும் புராசசர். அந்தப் புராசசர் உட்காரக்கூடிய மதர்போர்டு. போர்டு ஏற்கிற ரேம். இத்தனை பேருக்கும் சோறு போடும் பவர் சப்ளை. இவர்கள் எல்லாம் குடியேறும் கேசிங் கடைசியில்தான். அதுவும் கார்டின் நீளத்தையும், புராசசர் மேல் உட்காரும் விசிறியின் உயரத்தையும் டேப் வைத்து அளந்த பிறகு. வருகிறவர்கள் இதற்கு நேர்மாறு. கலர் கலராக விளக்கு எரியும் கேசிங்கை முதலில் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். மண்டபத்தை புக் பண்ணிவிட்டுப் பெண் தேடுகிற கதை.

பெட்டிகள் எல்லாம் அந்த வரிசையில் மேசைமேல் வந்து நிற்கும்வரை ஒரு பெட்டியின் ஒட்டுநாடாவையும் கிழிக்கக் கூடாது. கிழித்த பிறகும் நேராகக் கேசிங்குக்குள் போகக் கூடாது. வெறும் அட்டைப்பெட்டியின் மேல் மதர்போர்டை வைத்து, எல்லாவற்றையும் மாட்டி, திரையில் படம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே குடியேற்றம்.

இது கம்ப்யூட்டருக்கு. எனக்கென்று தனியாக ஒரு சட்டம் வைத்திருந்தார். நான் பதறி ஸ்குரூ டிரைவரைத் தூக்கினால், "குணா, சூச்சி தாங்ஙான்" என்பார். போய்க் கையைக் கழுவிவிட்டு வா என்று அர்த்தம். குழாயைத் தொட்டால் உடம்பில் ஏறியிருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும், பாகங்களுக்கு நல்லது என்பது வெளியில் சொல்லும் காரணம். கழிவறை பேரங்காடியின் அந்தக் கோடியில் இருந்தது என்பதுதான் உண்மையான காரணம். நடந்து போய்த் திரும்புவதற்குள் என் மூளை ராஜினாமாவை வாபஸ் வாங்கிவிடும்.

அந்தச் சட்டம் பிறந்தது கோத்தா திங்கியிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவனின் கம்ப்யூட்டரால். புராசசர் மதர்போர்டில் அழகாக உட்கார்ந்தது. விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது, படம் மட்டும் வரவில்லை. நான் மூன்று தடவை கழற்றி மாட்டி, நான்காவது தடவைக்குக் கை ஓங்கியபோதுதான் முதன்முறையாகக் கழுவ அனுப்பினார். திரும்பி வரும் வழியில்தான் புரிந்தது: போர்டு பழைய சரக்கு, புராசசர் புதுசு. உட்கார இடம் கொடுத்துவிட்டது, ஆனால் ஆள் யார் என்று போர்டுக்குத் தெரியவில்லை. போர்டுக்குள் இருக்கும் மென்பொருளைப் புதுப்பித்ததும் இரண்டும் சிரித்துப் பேச ஆரம்பித்துவிட்டன. உட்காருவது வேறு, ஒத்துப்போவது வேறு. வீடுகளிலும் பார்த்திருக்கிறேன்.

சரி, பாக்கியம் அக்காவுக்கு வருகிறேன்.

மாசாயிலிருந்து வந்தார். ஃபேக்டரி சீருடை, கையில் மோட்டார் ஹெல்மெட். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார். கேசிங் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, லோரி ஓட்ற கேம் ஒன்னு இருக்காமே. நெசமா ஓட்ற மாதிரியே இருக்கணும். ஸ்டீரிங், கியர், காலுக்கு பெடல் எல்லாம் வச்சி. முடியுமா?"

"பையனுக்கா அக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு."

நான் சிரிக்கப் போய் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். கணவர் முருகையா ஆயுள் முழுக்க டிரெய்லர் ஓட்டியவர். இருதய ஆப்பரேஷன் ஆகி, இனிமேல் லோரியைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனிதர் வீட்டில் உட்கார்ந்து சுவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"சாமிக்கண்ணுன்னு பழைய கூட்டாளி ஒருத்தரு. சொந்தமா லோரி வச்சிருக்காரு. யாரு கேக்கப் போறா, நீ வந்து ஓட்டுன்னு இவர உசுப்பி விட்டிருக்காரு. வர்ற மாசம் மொத திங்கக்கிழமை ஏறப் போறாராம். ஒருநாள் ஏறினா அப்புறம் எறங்க மாட்டாரு தம்பி. ரோட்டுல எங்கயாச்சும் நெஞ்சப் புடிச்சிக்கிட்டு சாஞ்சா நான் என்னா பண்ணுவேன்? அவரோட போறவங்க என்னா ஆவாங்க?"

அலமாக். என் கை அப்போதே ஸ்குரூ டிரைவரைத் தேடியது. இதுவரை நான் சேர்த்த கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் யாரோ ஒரு பையன் திட்டுவான், அவ்வளவுதான்.

மேடம் கோ பக்கத்தில் வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார். தமிழ் தெரியாது, முகம் படிக்கத் தெரியும். நான் சுருக்கிச் சொன்னதும் அதே கேள்வி: "வீட்டில் என்ன திரை?"

பெரிய டிவி. வினாடிக்கு அறுபது படத்துக்கு மேல் அது காட்டாது. அப்படியென்றால் அதற்குமேல் வேகமாகப் படம் வரையும் கார்டு வாங்குவது வீண். நடுத்தரக் கார்டே தாராளம். அக்காவின் பட்ஜெட்டும் நடுத்தரம்தான். ஆனால் ஒரு முடிச்சு. கம்ப்யூட்டரை ஒழுங்காகச் சேர்த்தால் பொம்மைக்கடை ஸ்டீரிங்தான் வாங்க முடியும். கனமாகத் திரும்பும் நல்ல ஸ்டீரிங் வாங்கினால், திணறித் திணறி ஓடும் கம்ப்யூட்டர். இரண்டில் எதைப் பார்த்தாலும் முருகையா அண்ணன் ஒரே நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்.

இந்தக் கட்டத்தில்தான் சிங்கப்பூரில் வேலை செய்யும் அக்காவின் தம்பி செல்வம் உதவிக்கு வந்தார். கேட்காமலேயே வந்தார். நாங்கள் ஏற்கெனவே அளந்து எடுத்த பெட்டிகள் மேசையில் வரிசையாக நிற்க, சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் மோட்டாரில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த ஒன்றைத் தொப்பென்று நடுவில் வைத்தார். யாரிடமோ வாங்கிய, உச்ச ரகக் கிராபிக்ஸ் கார்டு. மூன்று விசிறி, மூன்று செங்கல் கனம்.

"என் அக்கா வீட்டுக்கு நான் செய்றது. மாமாவுக்கு இதத்தான் போடணும்" என்றார்.

டேப்பை வைத்துப் பார்த்தேன். கேசிங்கைவிட நீளம். பவர் சப்ளை அதற்குக் காலைப் பசியாறக்கூடப் பற்றாது. அதைப் போட்டால் பெரிய கேசிங், பெரிய பவர் சப்ளை. ஸ்டீரிங் கனவு காலி. போடாவிட்டால் தம்பி கொடுத்த சீரை அக்கா வீட்டில் மறுத்ததாகிவிடும். அந்தச் சண்டை மூன்று தலைமுறைக்கு ஓடும். என் மூளை கடிதம் கொடுத்தது. கை ஓவர்டைம் போட்டது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, இரும்பறுக்கும் ரம்பத்தோடு புதுக் கேசிங்கின் முன்பக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்ததுதான்.

"குணா."

நின்றேன்.

"சூச்சி தாங்ஙான்."

கழுவினேன். முகத்தையும் சேர்த்துக் கழுவினேன். திரும்பி வரும்போது யோசனையும் வந்தது. மேடத்தின் காதில் சொன்னேன். ஒரு தரம் தலையாட்டினார். அவரைப் பொறுத்தவரை அது கைத்தட்டல்.

"செல்வம், கார்டு நல்ல கார்டு. ஆனா ஒன்னு யோசிச்சிப் பாருங்க" என்றேன். "இது எங்க இருக்கும்? கேசிங் உள்ள. மூடிட்டா யாரு பாக்கப் போறா? வீட்டுக்கு வர்றவங்க கண்ணுல படறது எது? ஹால் நடுவுல நிக்கிற ஸ்டீரிங். 'யாரு வாங்கிக் குடுத்தா?'ன்னுதான் மொதல்ல கேப்பாங்க."

செல்வம் மோவாயைச் சொறிந்தார்.

"இத கடையில எடுத்துக்கிட்டு, பெடலு, கியரோட இருக்கறதுலயே நல்ல ஸ்டீரிங்கா குடுத்துடறோம். உங்க சீரு உங்க சீருதான். உருவம்தான் வேற."

"அதுல என் பேரு போட முடியுமா?"

"ஸ்டிக்கர் அடிச்சித் தரேன்."

சிரித்துவிட்டார். முடிச்சு அவிழ்ந்தது. அன்று மாலை நான் ரோத்தி சானாய் இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மிச்சம் பிடிக்க இன்னொன்றும் செய்தேன். இது பின்னால் வேண்டியிருக்கும், கவனியுங்கள். ஒரே புராசசர் இரண்டு விதமாக வரும். ஒன்று தானே திரைக்குப் படம் அனுப்பும். இன்னொன்று அனுப்பாது, விலை குறைவு. படம் அனுப்பக் கிராபிக்ஸ் கார்டுதான் இருக்கிறதே என்று அனுப்பாததை எடுத்தேன். அதில் மிஞ்சிய பணத்தைத் தரமான பவர் சப்ளையில் போட்டேன். அதனால் திரை வயரைக் கார்டின் துளையில்தான் சொருக வேண்டும். மதர்போர்டிலும் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு துளை இருக்கும். ஆனால் இந்தக் கம்ப்யூட்டரில் அது சாமி வந்து சொருகினாலும் படம் வராத துளை.

அட்டைப்பெட்டி மேல் வைத்து ஓட்டிப் பார்த்தோம். அருமை. கேசிங்கில் குடியேற்றி, ஒரு ஞாயிறு காலை மாசாய்க்குக் கொண்டுபோனேன். மறுநாள்தான் அந்தத் திங்கட்கிழமை.

அவர்களின் வரிசை வீட்டு ஹாலில் சுவரோரமாக மேசை போட்டு, டிவியை இழுத்து வைத்து, எல்லாவற்றையும் மாட்டி, பட்டனை அமுக்கினாலே கேம் திறக்கும்படி வைத்து ஒருதரம் ஓட்டினேன். ஓடியது. அக்கா ஏற்பாடு செய்திருந்த பூஜைக்கு நேரம் இருந்ததால் வாசலில் போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன். உள்ளே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. கல்யாணமோ கம்ப்யூட்டரோ, நம்மவர்கள் வீட்டில் நாற்காலி இழுபடாமல் எதுவும் நடக்காது என்று விட்டுவிட்டேன்.

உள்ளே வந்தால் மேசை ஹாலின் இன்னொரு பக்கம் இருந்தது. முதுகு சமையலறை வாசலைப் பார்க்க, முகம் வேறு திசையில்.

"கெழக்க பாத்து வச்சிட்டோம்ணே" என்றார் செல்வம் பெருமையாக. "வயரெல்லாம் இருந்த மாதிரியே மாட்டிட்டேன்."

"பலே" என்றேன். என் வாயில் மண்ணைப் போட.

புது லோரிக்குச் செய்வதுபோலவே எல்லாம் செய்தார்கள். கேசிங்குக்குச் சந்தனம், குங்குமம். மூன்று பெடலுக்கும் கீழே எலுமிச்சம்பழம். சூடம் காட்டினார்கள். முருகையா அண்ணன் சாரோங்கைக் கட்டிக்கொண்டு, கையையும் கட்டிக்கொண்டு நின்றார்.

"சின்னப் புள்ள சாமான வாங்கி வச்சிட்டு எனக்குக் காது குத்தப் பாக்குறீங்க" என்றார். ஆனாலும் அக்காவின் முகத்துக்காக உட்கார்ந்தார். பெடலை மிதித்தார், பழங்கள் நசுங்கின. அக்கா பட்டனை அமுக்கினார்.

விசிறி சுழன்றது. விளக்குகள் எரிந்தன. டிவியில் கன்னங்கரிய இருட்டு. சிக்னல் இல்லை என்று ஒரு மூலையில் சின்னதாக எழுத்து.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குள் ஒரு முழு தைப்பூசக் கூட்டமே காவடியோடு ஓடியது. மாசாய் ரோட்டுக் குழியில் கார்டு கழன்றுவிட்டதா? ரேம் செத்துவிட்டதா? சந்தனம் உள்ளே வடிந்துவிட்டதா? எலுமிச்சைச் சாறு? புது வேலை ஏதாவது இந்த வயதில் கிடைக்குமா?

முருகையா அண்ணன் எழுந்தார். "ஆச்சா? பாத்தாச்சு. நாளைக்கி நான் நெச லோரிய ஓட்டிக்கிறேன்."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நான் மேடத்துக்கு போன் அடித்தேன். மூச்சு விடாமல் ரேம், கார்டு, சந்தனம், தைப்பூசம் எல்லாவற்றையும் கொட்டினேன். என் இன்னொரு கையில் ஸ்குரூ டிரைவர் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"குணா. சூச்சி தாங்ஙான்." போனை வைத்துவிட்டார்.

ஓர் ஆளின் உயிர் ஊசலாடுகிறது, இந்தம்மா சோப்புப் போடச் சொல்கிறார்! ஆனால் பழக்கம் பொல்லாதது. கால் தானாக நடந்தது. தண்ணீர்க் குழாய் சமையலறையில். சமையலறைக்குப் போக மேசையின் முதுகுப் பக்கமாகத்தான் வழி. குனிந்த தலையோடு போனவன் கண்ணில் அது பட்டது. திரை வயர் மதர்போர்டின் துளையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

கையைக் கழுவினேன். சத்தியமாகக் கழுவினேன், சட்டம் சட்டம்தான். துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, வயரை உருவி, ஒரு சாண் கீழே இருந்த கார்டின் துளையில் சொருகினேன்.

ஹாலில் "ஹே!" என்று ஒரு சத்தம். டிவி முழுக்க ஒரு சிவப்பு டிரெய்லர் நின்றது.

"என்னாணே பண்ணீங்க?" என்றார் செல்வம்.

"கை கழுவினேன்" என்றேன்.

வாசல்வரை போயிருந்த முருகையா அண்ணன் திரும்பிப் பார்த்தார். ஸ்பீக்கரில் இஞ்சின் உறுமியது. ஒரு நிமிடம் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு வந்து, முன்பு உட்கார்ந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் காலால் மேசைக்கு முன் தள்ளி, "தலகாணி ஒன்னு கொண்டா" என்றார். உட்கார்ந்ததும் முதலில் கேட்டது ஸ்டீரிங்கை இல்லை, கண்ணாடியை. பக்கக் கண்ணாடிகளை எப்படித் திருப்புவது என்று காட்டினேன். திருப்தியாகும்வரை திருப்பினார். ரோட்டில் ஏறியதும் பிரேக்.

"இவனுங்க ஏன்யா தப்பான பக்கம் ஓட்றானுங்க?"

வெளிநாட்டு ரோடு. நம் மாதிரி இடப்பக்கம் ஓட்டுகிற ஊரைத் தேடி மாற்றிக் கொடுத்தேன். இரண்டாவது வளைவில் ஸ்டீரிங் அவர் கையை எதிர்த்து இழுத்தது. அவர் முகம் மாறியதை அப்போது பார்த்தேன்.

"கனக்குது" என்றார். யாரிடமும் இல்லை, தனக்குத்தானே.

அதற்குப் பிறகு நாங்கள் யாரும் அந்த ஹாலில் இல்லை, அவரைப் பொறுத்தவரை. மழையில் ஓட்டினார். பின்னால் ஒட்டி வந்த காரைத் திட்டினார். கடைசியில் ஒரு கிடங்கின் முன்னால் வந்து நின்றார். இரண்டு லோரிகளுக்கு நடுவில் டிரெய்லரைப் பின்னால் தள்ளிச் சொருக வேண்டும். நான் கடையில் அதைப் பலமுறை முயன்று பலமுறை சுவரை இடித்தவன். செல்வம் போனில் வீடியோ எடுக்க ஆரம்பித்தார். முருகையா அண்ணன் ஸ்டீரிங்கை முதலில் எதிர்ப்பக்கம் ஒடித்தார், பிறகு மெல்லத் தளர்த்தினார், ஒரே தள்ளல். ஊசியில் நூல் போவதுபோல் உள்ளே போய் நின்றது. இடிக்கவில்லை, இரண்டாம் முறை நகர்த்தவும் இல்லை. நாங்கள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்.

அந்தச் சத்தத்தில் முருகையா அண்ணனின் போன் அடித்தது. சாமிக்கண்ணு. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் பேசினார்.

"என்னாடா முருகா, நாளைக்கி விடியக்காத்தால ஏறிக்கிறியா?"

"வரல்ல."

"ஏன்டா? ஒடம்பு சரியில்லயா?"

"ஒடம்புக்கென்னா? லோடு இருக்குடா எனக்கு. வேற ஆளப் பாத்துக்க." போனை வைத்துவிட்டு அடுத்த சரக்கைத் தேர்ந்தெடுத்தார்.

பாக்கியம் அக்கா முந்தானையால் முகத்தை ஒரு தரம் அழுந்தத் துடைத்தார். பிறகு சமையலறை வாசலில் போய் நின்றுகொண்டு, தூரத்தில் இருக்கும் ஒருவரைக் கூப்பிடுகிற குரலில் கேட்டார்:

"சோறு ஆறுது. எங்க வந்துகிட்டு இருக்கீங்க?"

"டோல் தாண்டிட்டேன்" என்றார் அவர். "போட்டு வையி."